பொம்மை வீடு: உயர்தர வகுப்புக் குறிப்புகள்

மே 6, வெள்ளவத்தை

நோர்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ இன்று தொடக்கம். நாயகி நோரா கடைசியில் கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறுகிறாள். “தாய் பிள்ளைகளை விட்டிட்டுப் போகலாமோ?” என்ற விவாதத்தை முதல் நாளே கிளப்பினால் மூன்று அங்கங்களும் அதிலேயே கரைந்துபோகும். காசிலிருந்து தொடங்குவதே சரி. நாடகம் தொடங்கிய கையோடு நோரா சுமைகூலி கொடுக்கிறாள்: கேட்டது அரைக் குரோன், கொடுப்பது ஒன்று. முதலாம் அங்கத்தில் காசுப் பேச்சு வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடிட்டு, யார் கேட்கிறார், யார் கொடுக்கிறார் என ஓரத்தில் எழுதவேண்டும்.

மே 9

கணவன் ஹெல்மருக்குத் தெரியாமல் நோரா குரோக்ஸ்டாட்டிடம் வாங்கிய கடன் 4,800 குரோன்; பிணைக்குத் தந்தையின் கையெழுத்தை அவளே போட்டிருக்கிறாள். பலகையில் இரண்டு திகதிகள்: தந்தை இறந்தது செப்டெம்பர் 29, அவருடைய கையெழுத்தின் திகதி ஒக்டோபர் 2. குரோக்ஸ்டாட் பிடித்துக்கொள்வது இந்த இடைவெளியைத்தான். “பொய்க் கையெழுத்து பிழைதானே” என்று வகுப்பு உடனே தீர்ப்புச் சொல்லும். அப்போது, கணவன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது என்ற நோராவின் தோழி லிண்டே அம்மாவின் வரிக்குத் திரும்பவேண்டும். அது நோர்வேக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. வகுப்பில் பாதிப் பேரின் வீட்டு உறுதிகளோடு தொடர்புள்ள சங்கதி இது.

மே 14

இரண்டாம் அங்கத்துக்கு முன் மேடைப் படம் கீறாவிட்டால் நோரா ஆடும் டரன்டெல்லா என்ற இத்தாலிய நடனம் வெறும் ஆட்டமாகிவிடும். பின்சுவரில் இரண்டு கதவுகள்: வலது கூடத்துக்கு, இடது ஹெல்மரின் அறைக்கு. கூடத்தின் வெளிக்கதவில் கடிதப்பெட்டி; அதற்குள் உண்மையைச் சொல்லும் குரோக்ஸ்டாட்டின் கடிதம். திறப்பு ஹெல்மரிடம் மட்டும். அவர் அந்தப் பக்கம் போகாதிருக்கவே நோரா ஆடுகிறாள்.

மே 20

மூன்றாம் அங்கம். காலி வீதிப் பக்க ஜன்னலைச் சாத்தாமல் வாசித்துப் பயனில்லை. குரோக்ஸ்டாட் கடன் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியதும் ஹெல்மர் கத்துவது “நான் தப்பிவிட்டேன்!” நோரா கேட்பது “நான்?” இடையில் இரண்டு விநாடி மௌனம் வேண்டும். ஹெல்மரை வில்லனாக உறுமவிட்டால் காட்சி கெட்டுவிடும். அவருக்கு உண்மையான சந்தோஷம், அதுதான் பயங்கரம்.

மே 22

விவாதத்துக்கு இன்றுதான் இடம். 1880இல் ஜெர்மன் மேடைக்காக, பிள்ளைகளைப் பார்த்து நோரா வீட்டிலேயே நின்றுவிடும் முடிவை இப்சனே வேண்டாவெறுப்பாக எழுதினார். அதையும் மூல முடிவையும் அடுத்தடுத்து வாசித்தபின் கேள்வி: இந்த மாற்றத்தால் முதலாம் அங்கத்தின் எந்த வரிகள் வீணாகின்றன? விடை ஒரு பக்கம், குறைந்தது மூன்று மேற்கோள்கள்.