சம்மர் கேம்ப்: இடைவேளையில் பிள்ளை யார் பொறுப்பில்?

முகாம் நோட்டீஸைக் கையில் எடுத்ததும் கண் போவது நிகழ்ச்சிப் பட்டியலுக்குத்தான். நீச்சல், ஓவியம், ரோபோட்டிக்ஸ், மண்பாண்டம். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். வகுப்பு நடக்கும்போது யாராவது ஒருவர் கண் பிள்ளைகள்மேல் இருக்கும். கழிப்பறைக்குப் போகும்போது, சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது, வேனுக்குக் காத்து நிற்கும்போதுதான் இவர் அவர் பார்த்துக்கொள்வார் என்றும், அவர் இவர் பார்த்துக்கொள்வார் என்றும் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் ஆள் கணக்கு. "எத்தனை பிள்ளைக்கு ஒருவர்?" என்று மட்டும் கேட்டால், மொத்தப் பிள்ளைகளை மொத்த ஊழியர்களால் வகுத்து ஓர் எண் சொல்வார்கள். சமையல்காரர், டிரைவர், அலுவலகத்தில் ரசீது போடுபவர் எல்லாரும் அதில் சேர்ந்திருப்பார்கள். "என் பிள்ளையின் குழுவோடு மதியம் ஒரு மணிக்கு யார் யார் இருப்பார்கள்?" என்று கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டுமென்றால், அமெரிக்க முகாம்கள் சங்கம் பகல் முகாமுக்கு வைத்திருக்கும் கணக்கு இது: 4, 5 வயதில் 6 பிள்ளைக்கு ஒருவர், 6 முதல் 8 வயதுவரை 8 பேருக்கு ஒருவர், 9 முதல் 14 வரை 10 பேருக்கு ஒருவர். இரவு தங்கும் முகாமில் அதே வயதுகளுக்கு 5, 6, 8. பெரியவர் ஒருவர் பிள்ளை ஒன்றுடன் மற்றவர் கண்ணில் படாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடம் நமக்கு வேண்டாம்.

பட்டியல் நீளமாக இருந்தால் நல்ல முகாம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று மணி நேரத்தில் ஆறு நிகழ்ச்சி என்றால் ஒவ்வொன்றுக்கும் அரை மணி. இடம் மாற, சாமான் எடுத்து வைக்க, கை கழுவப் பத்து நிமிடம் போய்விடும். மிச்சம் இருபது. மண்பாண்ட வகுப்பில் பதினைந்து பிள்ளைகள், ஒரே சக்கரம். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. களிமண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்தவே அது போதாது. கடைசியில் பயிற்றுநரே வனைந்து, பிள்ளையின் கையை மேலே வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுவார். மற்ற பதினான்கு பேரும் வரிசையில் நிற்பார்கள். தள்ளுமுள்ளும் சண்டையும் அங்கேதான் தொடங்கும். ஒரு நாளைக்கு இரண்டே நிகழ்ச்சி வைத்து, பிள்ளை செய்து கெடுத்து மறுபடி செய்ய நேரம் கொடுக்கும் முகாமே மேல்.

தண்ணீர் இருந்தால் இன்னும் கறாராக இருங்கள். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. மூச்சு வாங்கவே முடியாதபோது குரல் எங்கிருந்து வரும்? ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடலாம். அதனால் நீச்சல் கற்றுக்கொடுப்பவர் ஒருவர், கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பவர் இன்னொருவர் என்று இருக்க வேண்டும். உயிர்காப்பாளர் பயிற்சியில் 10/20 என்று ஒரு விதி உண்டு: தன் பகுதி முழுவதையும் 10 நொடியில் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும், ஆபத்தைக் கண்டால் அடுத்த 20 நொடியில் போய்ச் சேர வேண்டும். குளத்தின் ஓரமாக நடந்து பாருங்கள், ஒரே ஆளால் முடியுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையையும் நீந்தவைத்துப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்களா என்பதும் முக்கியம்.

அலர்ஜி, ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் ஃபார்மில் எழுதியதோடு நிறுத்தாதீர்கள். ஃபார்ம் அலுவலகத்துக்குப் போகும், பிள்ளை மைதானத்துக்குப் போகும். குழுவைப் பார்த்துக்கொள்பவரையே நேரில் பார்த்துச் சொல்லுங்கள். இன்ஹேலரும், அலர்ஜி கடுமையானால் உடனே போடும் அட்ரினலின் ஊசியும் பூட்டிய அலமாரியில் இருந்து பயனில்லை, குழுவோடு போகும் பையில் இருக்க வேண்டும். ஊசி இரண்டு கொடுங்கள். முதல் ஊசிக்குத் தேறாவிட்டால் 5 நிமிடத்தில் இரண்டாவது தேவைப்படலாம். மாத்திரையைப் பிரித்துப் பொட்டலமாகக் கட்டித் தர வேண்டாம், சீட்டு ஒட்டிய பெட்டியோடு தாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு முறை நேரில் போங்கள். முகாம் முடிவதற்கு அரை மணி முன்பு போவதுதான் சரி. யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்களா, பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குகிறார்களா என்று வாசலில் நின்றாலே தெரியும்.

இரவு தங்கும் முகாமுக்கு அனுப்பினால், "பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அழுகை வரும் முதல் ராத்திரியே பிள்ளை அந்த போனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடும், விளையாட்டில் மனம் போகாது. அதற்குப் பதில், முகாமுக்கு முன்பே தாத்தா பாட்டி வீட்டிலோ அத்தை வீட்டிலோ நீங்கள் இல்லாமல் இரண்டு ராத்திரி தூங்கிப் பழகட்டும். படுக்கையை நனைக்கும் பழக்கம் இருந்தால் பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லி, மாற்றுத் துணியும் ஒரு விரிப்பும் சேர்த்து வையுங்கள். பையைப் பிள்ளையே அடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள். டார்ச்சைப் பையின் எந்த அறையில் வைத்தோம் என்று தெரிந்தால், இருட்டில் கை நேராக அங்கே போகும்.