காதின் துண்டு

மருந்துக் குடோன் ஒன்றில் சில வருஷம் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தேன். இன்சுலின் வந்தால் லாரியிலிருந்து இறக்கியதும் நேராகக் கோல்டு ரூமுக்குப் போய்விட வேண்டும். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு. ஒரு ராத்திரி லாரி தாமதமாக வந்தது. ஷிப்டில் இருந்தது ஒரே பையன். இறக்கி வைத்தவன் மற்ற சரக்கை எண்ணப் போய்விட்டான். இன்சுலின் பெட்டிகள் விடியும்வரை வெளியிலேயே கிடந்தன. காலையில் தொட்டுப் பார்த்தேன், அட்டை வெதுவெதுவென்று இருந்தது.

மேனேஜர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு வேலை செய்தேன். 'கோல்டு ரூம் சரக்கை முதலில் உள்ளே ஏற்று' என்று இரண்டு நாள் முன்னால் அவனுக்கு வாட்ஸ்அப்பில் போட்டிருந்தேன். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டேன். அவன் படித்ததற்கான நீல டிக்கும் அதில் தெரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு அந்த மாதத்தோடு வேலை போயிற்று. இரண்டு பேர் பார்க்க வேண்டிய ஷிப்டில் ஒருவனை லீவில் அனுப்பியது நான்தான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து சபையில் வேதபாட வகுப்பு எடுக்கும் முறை எனக்கு வந்தது. பைபிளில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம், 3ஆம் அதிகாரம். சிங்கத்தின் வாயிலிருந்து மேய்ப்பன் இரண்டு காலையோ ஒரு காதின் துண்டையோ பிடுங்குவதுபோல, என்று ஒரு வரி வருகிறது. செத்த ஆட்டின் காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தெக்கோவா ஊர் மேய்ப்பர்களில் ஒருவரான ஆமோஸுக்கு அது தெரிந்திருக்கும். யாத்திராகமம் 22இல் சட்டமே இருக்கிறது: மேய்க்கக் கொடுத்த ஆட்டைக் காட்டுமிருகம் பீறிவிட்டால், மிச்சத்தைக் கொண்டுவந்து சாட்சி காட்டு, ஈடு கட்ட வேண்டாம்.

அந்தக் காதுதான் ஸ்கிரீன்ஷாட். குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. கூலிக்கு மேய்ப்பவன் சிங்கத்துக்கு எப்படிப் பொறுப்பாவான்? பாபிலோனில் ஹம்முராபியின் சட்டமும் சிங்கம் அடித்த ஆட்டுக்கு மேய்ப்பனை விட்டுவிடுகிறது. அப்புறம்தான் யாக்கோபு ஞாபகத்துக்கு வந்தார். தாய்மாமனும் மாமனாருமான லாபானிடம் 20 வருஷம் ஆடு மேய்த்த வேலை. சம்பளத்தைப் பத்துமுறை மாற்றிய முதலாளி. ஆதியாகமம் 31இல் யாக்கோபு வெடிக்கிறார்: பகலில் வெயில், ராத்திரியில் குளிர், கண்ணுக்குத் தூக்கமில்லை. அதற்கு முந்தின வரியை நான் எத்தனையோ தடவை வாசித்துத் தாண்டிப் போயிருக்கிறேன். பீறுண்டதை உம்மிடம் கொண்டுவரவில்லை, அதற்கு நானே உத்தரவாதம் பண்ணினேன் என்கிறார். காட்டினால் தப்பித்திருக்கலாம், காட்டவில்லை. யாக்கோபு பெரிய யோக்கியர் ஒன்றும் இல்லை, அண்ணனை ஏமாற்றி ஓடிவந்தவர். இந்த இடத்திலும் கோபத்தில் பெருமைதான் பேசுகிறார். இருந்தாலும் அந்த வரி என்னை விடவில்லை.

கம்பெனி டிரெய்னிங்கில் ஒருமுறை மேய்ப்பன் படம் போட்டு, முன்னே நடப்பவனே தலைவன் என்றார்கள். சங்கீதம் 78 தாவீதை ஆடுகளின் பின்னால் திரிந்தவன் என்றுதான் சொல்கிறது. சரி, படம் அழகாக இருந்தது.

அந்தத் தாவீதே ராஜாவான பிறகு மாறிப்போனார். அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டார். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கின கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொன்னபோது, அவன் சாக வேண்டும் என்று கொதித்தார். அந்த ஆள் தான்தான் என்பதே உறைக்கவில்லை. பிற்காலத்தில், படைத்தலைவன் யோவாப் தடுத்தும் கேட்காமல் ஜனத்தொகை எடுத்தார். அதற்குத் தண்டனையாக வந்த கொள்ளைநோயில் 70,000 பேர் செத்தார்கள். அப்போது, 2 சாமுவேல் 24இல், 'நான்தான் பாவம் செய்தேன், இந்த ஆடுகள் என்ன செய்தது?' என்று கேட்கிறார். தண்டனை என்மேலும் என் தகப்பன் வீட்டின்மேலும் வரட்டும் என்கிறார். உத்தரவிட்டவன் என்று தன்னையே கைகாட்டுகிறார். ரொம்பத் தாமதம்தான். 70,000 பேர் எழுந்து வரவா போகிறார்கள்?

வகுப்பில் இதையெல்லாம் நன்றாகவே சொன்னேன். குடோன் கதையைச் சொல்லவில்லை.

போன வருஷம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அந்தப் பையனைப் பார்த்தேன். இப்போது கூரியரில் இருக்கிறானாம், கல்யாணமும் ஆகிவிட்டதாம். பேச்சு பழைய வேலைக்கு வந்தது. "தப்பு என்மேலதானே சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான். லீவு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கிளாஸை வைத்தேன். அதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

கடைக்காரரிடம் காசை நீட்டினேன். "ரெண்டு டீக்கும் அந்தத் தம்பி கொடுத்துட்டாரு" என்றார்.