ஓடுதள ஓரத்தில் நின்று பார்த்தவை

அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றும் எனக்கு, கல்வியாண்டு தொடங்கிப் போட்டிக் காலம் வந்துவிட்டால் இரண்டு வேலைகள் சேர்ந்துகொள்ளும். என் மாணவியரைக் குறுவட்டப் போட்டியிலிருந்து மாவட்டப் போட்டி வரை அழைத்துச் செல்வது ஒன்று. அதே மைதானத்தில் தடகள நடுவர்களில் ஒருத்தியாகக் கடமையாற்றுவது மற்றொன்று. முதல் வேலை பிள்ளைகளின் வீட்டையும் ஊரையும் எனக்குக் காட்டியது. விளையாட்டை நடத்துகிறவர்கள் பெண்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டியது இரண்டாவது வேலை. "பொம்பளப் பிள்ளைக்கு ஓட்டம் எதுக்கு?" என்று இன்று எங்கள் மாவட்டத்தில் எந்தத் தலைமையாசிரியரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்பதற்குத் தேவையும் இல்லை; நேர அட்டவணையும், பணிப் பட்டியலும், பூட்டிக் கிடக்கும் கழிப்பறையும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன.

நேர அட்டவணையிலிருந்தே தொடங்குகிறேன். இரு பாலருக்கும் ஒரே நாளில் போட்டி நடந்தால், வெயில் ஏறுவதற்கு முந்தைய நேரம் பெரும்பாலும் மாணவர்களின் தகுதிச் சுற்றுகளுக்கே போய்விடும். "பொண்ணுங்களுக்கு ஹீட்ஸ் கம்மி மேடம், சட்டுனு முடிஞ்சிடும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பது வழக்கமான விளக்கம். அந்த 'அப்புறம்' என்பது, சிறப்பு விருந்தினர் வந்து, கொடியேற்றி, அணிவகுப்பு முடிந்து, உரைகளும் ஓய்ந்த பிறகு வரும் உச்சிப்பொழுது. விடியற்காலையில் முதல் பேருந்து பிடித்து வந்த பிள்ளைகள் அதுவரை பந்தல் நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு, மண்தடம் கொதிக்கும் நேரத்தில் 1500 மீட்டர் ஓட எழுந்து வருவார்கள். தொடர் ஓட்டமோ நாளின் கடைசியில், இருட்டத் தொடங்கும்போது வரும். அது முடிவதற்குள் ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து போய்விடும். இரவு ஒன்பது மணிக்குப் பெண்ணை அழைத்துப்போக இரவல் வண்டியில் வந்து நிற்கும் தகப்பன், என்னிடம் ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசமாட்டார். அடுத்த ஆண்டு அனுப்பமாட்டார், அவ்வளவுதான். அந்த மாணவி வராமல் போனதற்கு எங்கள் பதிவேட்டில் எழுதப்படும் காரணம் 'ஆர்வமின்மை'.

கழிப்பறையைப் பற்றி எழுதக் கூச்சப்படுவதில் பொருளில்லை. பார்வையாளர் மாடத்துக்குக் கீழே பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருக்கும், அது பூட்டியிருக்கும், சாவி காவலரிடம் இருக்கும், காவலர் டீ குடிக்கப் போயிருப்பார். இதை நன்கறிந்த மாணவியர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்துவிடுகிறார்கள். நண்பகலில் 800 மீட்டரின் இரண்டாவது சுற்றில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்துவிட்டால், ஒலிபெருக்கி மேசையில் இருப்பவர் "ஸ்டாமினா பத்தல" என்று தீர்ப்புச் சொல்வார். நான் பணியாற்றும் நாள்களில் மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் அந்தச் சாவியை வாங்கி என் விசில் கயிற்றில் மாட்டிக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். நடுவரின் கடமைகளில் இது எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது.

உடையும் அப்படித்தான். நன்கொடையாளர் ஒருவர் எங்கள் அணிக்கு வெள்ளை நிறக் கால்சட்டைகள் வாங்கிக் கொடுத்தபோது, அவற்றை அடர்நீலமாக மாற்றித் தரும்படி கேட்டதற்கு, "ஓசியில் வருவதிலும் குறையா?" என்ற பார்வைதான் கிடைத்தது. வெள்ளையுடை விதியில் பிடிவாதமான விம்பிள்டனே 2023இல்தான், பெண்கள் உள்ளே அடர்நிற உடை அணியலாம் என்று இறங்கி வந்தது. மாதவிடாய் நாளில் வெள்ளை உடுத்தி ஓட நேரும் பெண்ணின் கவனத்தில் பாதி பின்னால்தான் இருக்கும் என்பதை அதுவரை யாரும் அங்கே யோசிக்கவில்லை என்றால், நம் ஊர் நன்கொடையாளரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

ஒருமுறை மாணவியரின் 100 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்துக்கு என்னைத் தடத்தில் நிறுத்தியிருந்தார்கள். சற்று முன்புதான் மாணவர்களின் 110 மீட்டர் முடிந்திருந்தது. ஆண்களுக்கு முதல் தடை தொடக்கக் கோட்டிலிருந்து 13.72 மீட்டரிலும், பின்னர் ஒவ்வொன்றும் 9.14 மீட்டர் இடைவெளியிலும் வரும். பெண்களுக்கு முதல் தடை 13 மீட்டரில், இடைவெளி 8.5 மீட்டர். தடைகளின் உயரத்தை மட்டும் இறக்கிவிட்டு, இடைவெளியை அப்படியே விட்டிருந்தார்கள். இரண்டு தடைகளுக்கு நடுவே மூன்று காலடி வைத்துத் தாண்டிப் பழகிய பெண்ணுக்கு அங்கே அந்தக் காலடிகள் போதா; தடையின் மேலேயே போய் விழுவாள். எஃகு நாடாவை இழுத்து அளந்து காட்டியபோது, பொறுப்பிலிருந்தவர் உண்மையாகவே வியப்புடன், "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தா நல்லதுதானே மேடம், நீங்கதானே சமத்துவம் பேசுவீங்க?" என்றார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பழைய சுண்ணாம்புக் குறிகளை அழித்து, புதிதாக அளந்து, பத்துத் தடைகளையும் நகர்த்தி முடிக்கும் வரை ஓட்டம் தாமதமானது. அந்தத் தாமதம் ஒலிபெருக்கியில் என் பெயரோடு அறிவிக்கப்பட்டது.

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 வினாடிகளில் ஓடி, நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்த நேரத்தைத் தொட இன்னொரு இந்தியப் பெண்ணுக்கு 39 ஆண்டுகள் ஆயின. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே 55.42இல் ஓடினார், இறுதிப் போட்டியில் வெண்கலமும் பெற்றார். இடைப்பட்ட தலைமுறைகளில் திறமைக்குப் பஞ்சம் இருந்ததாக நான் நம்பவில்லை. தடைகளைச் சரியான இடத்தில் வைத்துப் பழகும் வாய்ப்பு எத்தனை பள்ளிகளில் எத்தனை பெண்களுக்குக் கிடைத்திருக்கும் என்பதுதான் என் கேள்வி.

இவற்றையெல்லாம் செய்கிறவர்கள் கெட்ட எண்ணத்துடன் செய்வதில்லை. பல நேரங்களில் அக்கறையுடன்தான் செய்கிறார்கள். அந்த அக்கறைதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாகத் தடகளம் அனுமதிக்கப்பட்டது. 800 மீட்டர் இறுதியில் ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் உலக சாதனையுடன் வென்றார். ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். களைத்துப்போன சிலர் புல்தரையில் சாய்ந்தார்கள். கடுமையாக ஓடிய எவரும் செய்வதுதான் அது. பத்திரிகைகள் அதைப் பெண்கள் கொத்துக் கொத்தாகச் சுருண்டு விழுந்த காட்சியாக எழுதின. பெண்ணுடல் இதைத் தாங்காது என்ற முடிவுக்கு வந்து, அந்த ஓட்டத்தை ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கினார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் அது திரும்பி வந்தது. மாரத்தான் 1984 வரை காத்திருந்தது, கோலூன்றித் தாண்டுதல் 2000 வரை, 3000 மீட்டர் தடைகளோட்டம் 2008 வரை. "பாவம், வெயில்ல பிள்ளைங்க எதுக்கு, ரெண்டு சுற்றைக் குறைச்சிடலாமா?" என்று எங்கள் மைதானத்தில் இன்றும் ஒருவர் கேட்கும்போது, அவரே அந்த வெயிலில் ஓட்டத்தை வைத்தவர் என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

நடுவர்களுக்கான பணிப் பட்டியலைப் பார்த்தால் இன்னொரு பாடம். பெண் ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் சான்றிதழ் எழுதுவதும், வரவேற்பும், பதக்கத் தட்டு ஏந்துவதும் ஒதுக்கப்படும். "உங்க கையெழுத்து அழகா இருக்கும்" என்பது அதற்கான தகுதிச் சான்று. ஸ்டார்ட்டரின் துப்பாக்கி, புகார்களை விசாரிக்கும் மேல்முறையீட்டுக் குழு, தொழில்நுட்ப மேலாளர் பொறுப்பு ஆகியவை ஆண்களுக்கிடையே சுற்றிவரும். இந்தப் பட்டியல் முதல்நாள் இரவு, வெளியூர் நடுவர்கள் தங்கியிருக்கும் விடுதி அறையில், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாக முடிவாகிறது. அந்த அறைக்குள் நாங்கள் போவதில்லை. போனால் அதற்கும் ஒரு பேச்சு வரும். ஆகவே கூட்டம் என்று ஒன்று நடந்ததாகவே எங்களுக்குத் தெரியாத நிலையில், காலையில் அச்சிட்ட தாள் கைக்கு வரும்.

முதன்முறை துப்பாக்கி என் கைக்கு வந்தது, வழக்கமான ஸ்டார்ட்டர் காய்ச்சலில் படுத்ததால்தான். இன்னின்ன விநாடி என்று கணக்கில்லாமல், எட்டுத் தடங்களிலும் முதுகுகள் அசைவற்று நிற்கும் வரை காத்திருந்து விசையை அழுத்துவதில் உள்ள கவனம் வேறு எந்த நடுவர் பணியிலும் இல்லை என்று நினைக்கிறேன். மாணவர்களின் 100 மீட்டரில் இரண்டாவது தடத்துப் பையன் முந்திக்கொண்டு கிளம்பியதற்காக மீண்டும் துப்பாக்கி ஒலித்து அவனை நிறுத்தினேன். அவனுடைய பயிற்சியாளர் என்னிடம் வரவில்லை. என்னைத் தாண்டி நடந்துபோய், டைம் கீப்பர்களாக அமர்ந்திருந்த ஆண்களிடம் முறையிட்டார். அவர்களும் என்னைக் கேளுங்கள் என்று சொல்லாமல் பொறுமையாக விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2022 ஆண்கள் கால்பந்து உலகக் கோப்பையில் கோஸ்டாரிகா, ஜெர்மனி ஆட்டத்துக்கு ஸ்டெபானி ஃப்ராப்பார் தலைமை நடுவராக நின்றதையும், 2023 ஜனவரியில் சென்னையைச் சேர்ந்த என். ஜனனி ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் நடுவராக நின்றதையும் படித்தபோது, முறையிடும் ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்பிப் பேசினார் என்பதை அறியத்தான் எனக்கு ஆசையாக இருந்தது.

உடலைச் சோதிக்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து செங்கல் சூளைக் கூலிக் குடும்பத்துப் பெண்ணாக எழுந்து வந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டின் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது; அந்தச் செய்தி உலகம் முழுவதும் அவருடைய பெயரோடும் படத்தோடும் போனது. ஊக்கமருந்து எதுவும் எடுக்காத ஒரு பெண், பிறந்த உடலோடு ஓடியதற்காகக் குற்றவாளியைப் போல ஊர் திரும்பினார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுக்குச் சற்று முன் அணியிலிருந்து நீக்கப்பட்ட ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்தில் வழக்காடி 2015இல் உடலில் இயற்கையாகவே ஆண் ஹார்மோன் கூடுதலாக உள்ள பெண்களைத் தடுத்த விதியையே நிறுத்திவைக்கச் செய்தார். இப்போது உலகத் தடகள அமைப்பு, 2025 செப்டம்பர் முதல், பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஓட விரும்பும் ஒவ்வொருவரும் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று விதித்திருக்கிறது. பெண்கள் பிரிவுக்கு ஒரு வரையறை வேண்டும் என்ற வாதத்தை நான் முழுவதும் ஒதுக்கவில்லை. ஆனால் மேலே எழுதப்படும் விதி கீழே எங்கள் மைதானத்துக்கு வரும்போது என்னவாகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாவட்டப் போட்டியில், முடியை ஒட்ட வெட்டியிருந்த, தோள் அகன்ற பதினான்கு வயதுச் சிறுமி தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தாள். வேறொரு பள்ளியோடு வந்திருந்த ஒருவர், ஓட்டத்துக்கு முன் பெயர் சரிபார்த்து அனுப்பும் அறையான கால் ரூமுக்கு (call room) வந்து, "இது பொண்ணுதானானு பாத்தீங்களா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். பொறுப்பாளர் என்னைத் தனியே அழைத்து, "நீங்க லேடீஸ்தானே, உள்ள கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்திடுங்க, பிரச்சினை முடிஞ்சிடும்" என்றார். அப்படிச் செய்ய எந்த விதியும் எனக்கு அதிகாரம் தரவில்லை என்றும், தலைமையாசிரியர் கையொப்பமிட்ட நுழைவுப் படிவமும் அரசின் மாணவர் பதிவான எமிஸ் எண்ணும் பிறப்புச் சான்றும் மேசையில் இருப்பதாகவும், ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலம் கட்டணத்தோடு கொடுக்கச் சொல்லும்படியும் கூறினேன். எழுதிக் கொடுக்க யாரும் வரவில்லை. அந்தச் சிறுமி இறுதிப் போட்டியில் ஓடி நான்காவதாக வந்தாள். தகுதிச் சுற்றில் ஓடிய வேகம் அவளிடம் இல்லை. கால் ரூமுக்கும் தடத்துக்கும் இடையே அவள் இருமுறை தன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டதைக் கவனித்தேன்.

பெண் விளையாட்டுக்குச் சமநீதி என்றதும் பேச்சு பெரும்பாலும் பணத்துக்கே போகிறது. 2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆட்ட ஊதியத்தைச் சமமாக்கியது நல்ல முடிவு. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். அதே காலத்தில் ஆண்டு ஒப்பந்தத்தின் உச்சத் தொகை ஆண்களுக்கு 7 கோடியாகவும் பெண்களுக்கு 50 லட்சமாகவும் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனினும் அந்த உச்சிக்குப் போகிறவர்கள் சிலர். அதற்கு வெகுகீழே எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நின்றுவிடுகிறவர்களைப் பார்ப்பதுதான் என் வேலை.

2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தல் புகாரோடு டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் அமர்ந்தபோது, எங்கள் ஆசிரியர் அறையில் அது அரசியல் விவாதமாகவே நடந்தது. நான் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பணியிடம் என்பதன் வரையறையில் விளையாட்டு நிறுவனம், விளையாட்டரங்கம், போட்டி நடக்கும் இடம் ஆகியவை பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதைக் காட்டி, போட்டி நடக்கும் நாள்களில் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நுழைவாயிலில் ஒட்டும்படி கேட்டேன். "அது ஆபீசுக்குப் போட்ட சட்டம் மேடம்" என்றார்கள். பிரிவின் நகலை இணைத்து எழுத்து மூலம் கொடுத்தேன். அடுத்த போட்டியில் அறிவிப்புப் பலகை ஒட்டப்பட்டிருந்தது. அதில் இருந்த மூன்று பெயர்களும் ஆண்கள். குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறேன். இம்முறை எங்கள் வட்டாரத்தின் மற்றப் பெண் உடற்கல்வி ஆசிரியர்களும் அதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். பணிப் பட்டியலை விடுதி அறையில் முடிவு செய்யாமல், பகலில், பள்ளி வளாகத்தில் கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே கடிதத்தில் சேர்த்துவிட்டோம்.