ஒப்படைக்கப்படாத கோப்புகளும் நான்கு மாதக் கெடுவும்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் களப்பணியாளர்களை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் சமூகப் பணியாளர் ஒருவர் அரசுத் தேர்வில் தேர்ச்சி பெற்று, நியமன ஆணை கைக்குக் கிடைத்த வாரமே விலகிச் சென்றார். அவர் விட்டுச்சென்ற கோப்புகளை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் இறுதி ஆணை வரை கொண்டுசேர்த்த அனுபவத்தை, இதே நிலையில் மாட்டிக்கொள்ளும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். அவர் வேலையை விட்டதில் எனக்கு மனக்குறை இல்லை. தொகுப்பூதியத்தில் இருந்துகொண்டு ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று காத்திருப்பவர், நிரந்தர வேலை கிடைத்தால் போகத்தான் செய்வார். பணிப்பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் என்று ஒரு தாள்கூட எழுதாமல், பீரோச் சாவியைக் கணக்காளரின் மேசையில் வைத்துவிட்டுப் போனதுதான் இன்றுவரை உறுத்துகிறது. குழந்தைகளின் அடையாளத்தை வெளிப்படுத்துவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்வதால், ஊர், பள்ளி, வயது போன்ற விவரங்கள் இதில் இடம்பெறா. சில சூழல்களை மாற்றியும் எழுதியிருக்கிறேன்.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்குக் கெடுவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, குழந்தையின் குடும்பச் சூழலை அறியும் சமூக விசாரணை 15 நாட்களுக்குள் முடிய வேண்டும். குழந்தை முதன்முதலாகக் குழுவின் முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் குழு இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும். சிக்கல் அந்த 'முதன்முதலாக' என்பதில்தான் இருந்தது. கோப்புகளின் மேலட்டையில் எழுதியிருந்த தேதிகளை நம்பி ஒரு பட்டியல் போட்டிருந்தால், பல குழந்தைகளுக்கு நிறைய அவகாசம் இருப்பதாகவே தோன்றியிருக்கும். குழந்தையைக் குழுவின் முன் நிறுத்தும்போது தரப்படும் அறிக்கையான படிவம் 17ஐ உள்ளே புரட்டிப் பார்த்தபோது, மேலட்டையில் இருந்தவை குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கப்பட்ட தேதிகள் என்பதும், சில குழந்தைகள் அதற்கு வெகு நாட்கள் முன்பே, குழு அமராத விடுமுறை நாளில், தனி உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதும் தெரிந்தது. நாங்கள் அந்த முந்தைய தேதியிலிருந்தே கணக்கிட்டோம். பிறர் விட்டுச்சென்ற கோப்பு யார் கைக்கு வந்தாலும், மேலட்டையைப் பார்க்காமல் படிவம் 17ஐ முதலில் தேடி, அதிலுள்ள தேதியைப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதிவிடுவது நல்லது.

கோப்புகளைப் பணியாளர்களிடையே பிரித்துக் கொடுப்பதிலும் ஒரு சங்கடம் இருந்தது. எண்ணிக்கையைச் சமமாகப் பங்கிட்டால் பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் பெண் குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது பெண் பணியாளர் உடன் இருந்தாக வேண்டும், எங்களிடமோ களத்துக்குச் செல்லும் பெண் ஒருவர்தான், அவரும் புதிதாகச் சேர்ந்த புறத்தொடர்புப் பணியாளர், அதாவது வீடுகளுக்கும் ஊர்களுக்கும் நேரில் செல்பவர். ஆகவே கெடு நெருங்கியவை ஒரு பக்கம், பேருந்துத் தடம் ஒன்றாக இருப்பவை ஒரு பக்கம் என்று பிரித்து, எண்ணிக்கை ஏற்றத்தாழ்வாக இருந்ததற்கு ஈடாக ஆண் பணியாளரிடம் படிவம் 7, அதாவது தனிநபர் பராமரிப்புத் திட்டங்கள் முழுவதையும் எழுதும் வேலையைக் கொடுத்தேன். அவர் அதை விரும்பவில்லை என்றாலும் செய்து முடித்தார். கோப்புகளில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டிலேயே சிரமமின்றி இறுதி ஆணை பெற்றுவிட்டன.

சிரமம் தந்தது பாட்டியின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட வேண்டிய இரண்டு சகோதரிகளின் கோப்பு. தந்தை இறந்துவிட்டார், தாய் நீண்டகாலச் சிகிச்சையில் இருந்தார், பாட்டி பேத்திகளை வளர்க்கத் தயாராக இருந்தார். படிவம் 22இல் சமூக விசாரணை அறிக்கை முழுமையாகத் தட்டச்சு செய்யப்பட்டு, மேற்பார்வையாளர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைக்கப்பட்டிருந்தது. அவசரத்தில் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கலாம். அறிக்கையின் முடிவுப் பகுதியில், 'பாட்டியும் தந்தையும் குழந்தைகளைப் பொறுப்புடன் கவனித்துக்கொள்வர்' என்று இருந்தது. அதே கோப்பில் சில தாள்கள் தள்ளித் தந்தையின் இறப்புச் சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது. வேறொரு குடும்பத்துக்கு எழுதிய பத்தியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அப்படியானால், 'வீட்டுச் சூழல் திருப்திகரமாக உள்ளது' என்ற வரி எந்த வீட்டைப் பற்றியது?

வீட்டாய்வை மறுபடியும் செய்யச் சொன்னபோது புதிய பணியாளருக்கு முகம் வாடிவிட்டது. "என்னுடைய அறிக்கையையும் இப்படித்தான் சந்தேகப்படுவீர்களா மேடம்?" என்று கேட்டார். மேற்பார்வை என்றால் பிழை கண்டுபிடிப்பது என்ற எண்ணம் எங்கள் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. மாதாந்திர ஆய்வுக் கூட்டங்களில் எண்ணிக்கை மட்டுமே கேட்கப்படுவதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. நான் அறிக்கையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு வாயால் சொல்ல வேண்டியவற்றை மட்டும் கேட்டேன். இரவில் குழந்தைகள் எங்கே படுப்பார்கள், கழிப்பறை எங்கே இருக்கிறது, பாட்டி வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள், அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் யார், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா என்பவைதான் அவை. திருப்திகரம் என்ற சொல்லால் இவற்றில் எதற்கும் பதில் சொல்லிவிட முடியாது.

முதல் முறை நானும் உடன் சென்றேன், ஆனால் திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன்; கேள்விகளை அவரே கேட்டார். மேலதிகாரி உடன் வந்தால் வீட்டார் பணியாளரை விட்டுவிட்டு மேலதிகாரியிடமே பேசத் தொடங்கிவிடுவார்கள். அதன்பின் அந்தக் குடும்பத்தில் அந்தப் பணியாளரின் சொல் எடுபடாது. அறிக்கையில் குறிப்பிட்டிருந்த வீட்டில் பாட்டி இப்போது குடியிருக்கவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி, வரிசை வீடுகளில் ஒற்றை அறை ஒன்றுக்கு மாறியிருந்தார். அந்த அறைக் கதவுக்கு வெளியே பூட்டுப் போட வளையம் இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. குளியலறை பல குடும்பங்களுக்குப் பொது. திரும்பி வரும்போது பேருந்திலேயே பணியாளர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டார்; அன்று இரவே எழுதியும் விட்டார். மூன்றே வரிகள் இருந்த முடிவுப் பகுதி இப்போது ஒரு பக்கத்துக்கு மேல் வந்தது. தாழ்ப்பாள் பொருத்தப்பட்ட பிறகு அவர் தனியாகப் போய், கதவை உள்ளிருந்து அடைத்துப் பார்த்து, அதையும் தேதியிட்டுச் சேர்த்தார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் எழுதிய அறிக்கைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அதற்குப் பிறகு வந்த தொல்லைகள் எல்லாம் அலுவலகம் சார்ந்தவை. பாட்டியால் இரண்டு பேரையும் தன் வருமானத்தில் வளர்க்க இயலாது என்பதால், ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுக்கும் சேர்த்தே விண்ணப்பித்தோம். ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும் இந்தத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், பிற பகுதிகளில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிவு செய்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாக நகர்ந்து வந்த வருமானச் சான்றிதழில் 84,000 என்று அச்சாகியிருந்தது. நூறு நாள் வேலைக்கும் அவ்வப்போது களையெடுக்கவும் போகிற மூதாட்டிக்கு இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எல்லாருக்கும் இதுதான் மேடம் போடுவோம், இதனால் உங்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது?" என்று வருவாய்ப் பிரிவு எழுத்தர் என்னையே திருப்பிக் கேட்டார். பாட்டி குடியிருந்தது கிராம ஊராட்சி. நகரமாக இருந்திருந்தால் அந்தத் தொகையே தடையாக இருந்திருக்காது. எழுத்தர் வழக்கமாகப் போடும் ஒரு தொகையால் இரண்டு குழந்தைகள் திட்டத்துக்கு வெளியே நின்றார்கள்.

விளக்கமும் வேண்டுகோளும் அங்கே எடுபடவில்லை. அந்தச் சமயத்தில்தான் பணியாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. பாட்டி முதியோர் உதவித்தொகை வாங்குகிறார். ஆதரவற்றவர் என்று விசாரித்து அதை வழங்கியவர் அதே வளாகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். அந்த அனுமதி ஆணையின் நகலைப் பாட்டியின் தகரப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, நூறு நாள் வேலை அட்டையின் நகலோடு இணைத்து, இவை வருமானச் சான்றிதழுக்கு முரணாக உள்ளன என்று வட்டாட்சியருக்கு எழுத்துபூர்வமாகக் கடிதம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கினோம். புதிய விண்ணப்பத்தின் மீது திருத்திய சான்றிதழ் தாமதமில்லாமல் வந்தது. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே இப்படிப்பட்ட ஆதாரங்களையும் சேர்த்துப் பதிவேற்றிவிடுவது நல்லது. தொகை அச்சான பிறகு மாற்றுவது பெரும்பாடு. முகவரி மாறியவர்களுக்கு ஆதாரில் புதிய முகவரியை முன்கூட்டியே மாற்றிக் கொடுங்கள், இல்லையேல் விண்ணப்பம் அங்கேயே திரும்பிவிடும். குழந்தையும் பாதுகாவலரும் சேர்ந்த வங்கிக் கணக்குத் தொடங்குவதிலும் இழுபறி இருந்தது. எங்கள் அலுவலகக் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்ததும் முடிந்தது.

இந்தச் சான்றிதழ் ஓட்டங்களைப் பணியாளர்கள் தலையில் கட்டாமல், இயன்றவரை நானே எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் புறத்தொடர்புப் பணியாளர் நின்றால் 'நாளைக்கு வாங்க' என்பார்கள். பதவிப் பெயர் பொறித்த அடையாள அட்டையுடன் மேற்பார்வையாளர் நின்றால் குறைந்தபட்சம் ஒரு காரணமாவது சொல்வார்கள். பணியாளரின் பகல்கள் வீடுகளில் கழிய வேண்டியவை, வருவாய் அலுவலக வராந்தாக்களில் அல்ல. களத்துக்குப் போகாமல் அறிக்கை எழுதும் பழக்கம் ஒருவருக்கு எப்படி வருகிறது என்பதையும் அந்த வராந்தாவில் நின்றபோது புரிந்துகொண்டேன்.

எல்லாம் சேர்ந்து குழுவின் முன் நாங்கள் போன நாளில், அமர்வில் இரண்டு உறுப்பினர்களே இருந்தனர். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழுவில், இறுதி ஆணை பிறப்பிக்கும்போது குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது 28ஆம் பிரிவு. ஒரு பணியிடம் காலி, ஒருவர் பயிற்சிக்குச் சென்றிருந்தார், இன்னொருவர் உடல்நலமின்மை காரணமாக வரவில்லை. சட்டப்படி அவர்கள் செய்ததில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்திருந்த பாட்டி என்னைப் பார்த்து, "இன்னைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னுதானம்மா சொன்னீங்க?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இல்லத்திலிருந்து அழைத்து வரப்பட்ட சிறுமிகள் தங்கள் பைகளைக் கட்டிக்கொண்டே வந்திருந்தனர். அவர்களைத் திரும்ப இல்லத்துக்கு அழைத்துச் செல்லும் வேலை அந்தப் புதிய பணியாளருக்குத்தான் வந்தது. மறுநாள் காலை அவரை எந்தக் களத்துக்கும் அனுப்பவில்லை. எங்கள் ஆற்றுப்படுத்துநரும் (மனநல ஆலோசகர்) நானும் அவரும் உட்கார்ந்து அதைப் பற்றி மட்டுமே பேசினோம். அலுவலகப் பதிவேட்டில் அந்த நேரத்தை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'வழக்கு ஆய்வு' என்று எழுதினேன்.

அதிலிருந்து, அமர்வுக்கு முந்தைய மாலை குழுவின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை உறுப்பினர்கள் வருகிறார்கள் என்று உறுதி செய்த பிறகே குடும்பத்தாருக்குத் தகவல் சொல்கிறோம். மாதத்தில் குறைந்தது 20 நாட்கள் குழு அமர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அன்றைக்கு மூன்று பேர் இருப்பார்கள் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. 'இன்று அழைத்துப் போகலாம்' என்ற வாக்கியத்தை ஆணையில் கையெழுத்தாகும் முன் யாரும் குடும்பத்திடம் சொல்லக்கூடாது என்றும் வைத்திருக்கிறோம். அடுத்த அமர்வில் மூவர் இருந்தனர். அறிக்கையைப் படித்த உறுப்பினர் ஒருவர், தாழ்ப்பாளைப் பற்றிய பத்தியில் நிறுத்தி, "இதை நேரில் பார்த்தது யார்?" என்று கேட்டார். பணியாளர் எழுந்து, "நான்தான் மேடம், அடைத்தும் பார்த்தேன்" என்றார். வேறு கேள்வி வரவில்லை. நான்கு மாதக் கெடு முடிய இன்னும் சில நாட்கள் மீதமிருந்த நிலையில் ஆணை கைக்கு வந்தது. நிதி ஆதரவும் அதற்கான ஒப்புதல் குழுவில் அனுமதிக்கப்பட்டது.

எங்கள் பயணப்படிப் பட்டியல் மட்டும் இன்னும் கணக்குப் பிரிவில் ஆட்சேபணையோடு நிற்கிறது. பேருந்துகளில் இயந்திரம் அச்சிட்டுத் தரும் பயணச்சீட்டுகளின் எழுத்து நாளாவட்டத்தில் மங்கிவிடுகிறது. பட்டியலோடு இணைத்தவற்றில் பாதி வெற்றுத் தாளாகத் திரும்பி வந்தன. உங்கள் பணியாளர்களை அன்றன்றே அவற்றைக் கைபேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்; தேதியும் கட்டணமும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும், அசல் சீட்டும் கூடவே இருக்க வேண்டும்.