தொடரில் ஒரு குமிழ் மட்டும் எரிந்தால்

மின்சுற்றுப் பாடத்தில் பிள்ளைகளிடம் லேசில் கழலாத ஒரு நினைப்பு உண்டு: முதல் குமிழ் மின்னைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும். அதை விதைப்பதே பல வேளை நாம் செய்துகாட்டும் பரிசோதனைதான்.

கைக்கு அகப்பட்ட இரண்டு ரோச் குமிழைத் தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில், பூட்டினால் ஒன்று எரியும், மற்றது சிவந்தும் சிவக்காமலும் நிற்கும். கழுத்தில் பொறித்திருப்பதை வாசியுங்கள். ஒன்று 2.5 வோல்ற் 0.3 அம்பியர், மற்றது 2.5 வோல்ற் 0.5 அம்பியராக இருக்கும். 0.3 குமிழுக்குத் தடை கூட. மின்னழுத்தத்தில் பெரும் பங்கை அதுவே எடுக்கும். ஒளித்து வைக்காமல் இதையே பாடமாக்கலாம். பிள்ளைகள் பார்த்திருக்க இரண்டையும் இடம் மாற்றுங்கள். முன்னுக்கு வந்தாலும் பின்னுக்குப் போனாலும் எரிவது அதே குமிழ்தான். அம்பியர்மானி இருந்தால் குமிழ்களுக்கு முன்னும் பின்னும் இடையிலும் வைத்துக் காட்டுங்கள். மூன்று இடத்திலும் ஒரே வாசிப்பு.

பிறகு ஒரே அளவான இரண்டு குமிழ், 1.5 வோல்ற் பெரிய பற்றரி இரண்டு. தொடரில் குமிழொன்றுக்கு 1.5 வோல்ற்தான் வரும், வெளிச்சம் மங்கல். அரைச்சுவர் வகுப்பறையில் வன்னி வெயிலுக்கு அது தெரியவே தெரியாது. சோக்குப் பெட்டிக்குள் குமிழை வைத்துப் பார்க்கவிடுங்கள், அல்லது மூன்றாவது பற்றரியைச் சேருங்கள். சமாந்தரத்துக்கு, அதாவது ஒவ்வொரு குமிழும் பற்றரியோடு நேரே சேரும்படி, மாற்றும்போது அந்த மூன்றாவதைக் கழற்ற மறந்தால் இழை அறுந்துவிடும்.

சமாந்தரத்தில் இரண்டாவது குமிழைப் பூட்டினாலும் முதலாவது மங்கக்கூடாது என்பது புத்தகம். மங்கினால் பற்றரி பழசு. அதன் உள்ளேயே இருக்கும் தடை ஏறியிருக்கும், இரட்டை ஓட்டம் கேட்டதும் அழுத்தம் விழும். எதுவுமே எரியாவிட்டால் முதலில் தொடுகைகளைப் பாருங்கள். முல்லைத்தீவுப் பக்கம் கடற்காற்றில் பற்றரிக்கூட்டின் சுருள்வில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அரத்தாளால் ஒரு தேய்ப்புப் போதும். மோட்டரில் கழற்றிய செப்புக்கம்பியென்றால் மேற்பூச்சைச் சுரண்டாமல் மின் பாயாது. கைபேசிப் பற்றரியைக் கிட்டவும் எடுக்கவேண்டாம், குறுஞ்சுற்றானால், அதாவது இரு முனையும் நேரே தொட்டுக்கொண்டால், தீப்பிடிக்கும்.

ஆனையிறவு உப்பிலும் மின்கலம் செய்யலாம். ஒரு குவளை தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு, நாகம் பூசிய தகரத்துண்டு ஒன்று, தோல் உரித்த வீட்டுவயர்ச் செப்பு ஒன்று. ஒரு குவளை ஒரு வோல்றும் தராது. சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 1.8 வோல்ற் வேண்டும், ஆகவே நான்கு குவளை. ஒன்றின் செப்பை அடுத்ததன் தகரத்தோடு இணைத்து, கடைசிச் செப்பில் எல்இடியின் நீண்ட காலையும் முதல் தகரத்தில் குட்டைக் காலையும் தொடுங்கள். எல்லாத் தகட்டையும் ஒரே தட்டுத் தண்ணீரில் நிறுத்தும் குழு ஒன்று எப்படியும் இருக்கும். அங்கே அழுத்தம் கூடாது, தண்ணீரே குறுஞ்சுற்றாகிவிடும். ரோச் குமிழ் இதில் எரியாது: அதற்கு நூற்றுக்கணக்கான மில்லியம்பியர் வேண்டும், இந்தக் குவளைகள் தருவது சொற்பம்.

1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. பழைய டைனமோ ஒன்று கிடைத்தால் இரண்டு எல்இடியை ஒன்றுக்கொன்று தலைகீழாகச் சமாந்தரத்தில் பூட்டி, 470 ஓம் தடையொன்றைத் தொடரில் சேருங்கள். கையால் மெதுவாக உருட்டினால் இரண்டும் மாறி மாறி மினுங்கும்: திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டம் கண்ணுக்கே தெரியும். சைக்கிளில் பூட்டி வேகமாக மிதிக்க விடாதீர்கள். சுமை குறைவென்பதால் அழுத்தம் 6 வோல்றைத் தாண்டி ஏறும், எல்இடி போய்விடும்.