எஸ்எஸ்2-இல் ராத்திரி ஒரு மணிக்குப் பசித்தால்

ஒரே ஒரு இறால். அதற்கு நான் கொடுத்தது 28 ரிங்கிட், ஏறக்குறைய 560 ரூபாய். திருச்சியில் அந்தக் காசுக்கு இரண்டு பேர் வயிறாரப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு பீடாவும் போட்டுக்கொண்டு வரலாம். ஊருக்கு வந்து மூன்று நாளாகியும் எனக்கு ஆறவில்லை.

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ராத்திரி நேரத்தில் எங்கே சாப்பிடலாம், என்ன விலை, எப்படிப் போவது என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வரிசையை எதிர்பார்க்காதீர்கள். இறால் நடுவில் வரும், அதற்கப்புறம் எனக்கே நிதானம் இருக்காது.

முதலில் ஊர். கோலாலம்பூருக்கு ஒட்டினாற்போல் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறது பெட்டாலிங் ஜெயா. அங்கே யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, 'பிஜே'தான். தலைநகரில் நெரிசல் தாங்காமல் 1950-களில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுப்பிய துணை நகரம். 2006-இல் மாநகர் ஆகிவிட்டது. நான் தங்கியது எஸ்எஸ்2 என்ற பகுதியில். எஸ்எஸ் என்றால் சுங்கை வே–சுபாங் என்பதன் சுருக்கமாம். ஏன் அங்கே என்றால், கோலாலம்பூர் நடுவில் கேட்ட வாடகையில் பாதிக்கு அறை கிடைத்தது. வேறு கலைநயமான காரணம் எதுவும் இல்லை.

ராத்திரிப் பசிக்கு ஒரு கணக்கு உண்டு. மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு 12 மணி என்றால் என் வயிற்றுக்கு இரவு ஒன்பதரை, அதாவது வீட்டில் தோசைக்கல் போடும் நேரம். விமானத்தில் சாப்பாடு வாங்க மனசில்லாமல், இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவன் நான். கோலாலம்பூர் சென்டிரல் நிலையத்துக்குப் பேருந்தில் வந்து சேர்ந்தபோது எல்ஆர்டி ரயில் முடிந்துவிட்டது. நள்ளிரவோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள். ரயில் இருந்திருந்தால் கிளானா ஜெயா தடத்தில் தாமான் பஹாகியா நிலையத்தில் இறங்கி இருபது நிமிடம் நடந்திருப்பேன்.

வெளியே நின்ற டாக்சிக்காரர் 80 ரிங்கிட் என்றார். மீட்டர் போடுங்கள் என்றேன். "மீட்டர் ரோசாக்" என்றார். நான் கற்றுக்கொண்ட முதல் மலாய்ச் சொல் அதுதான், ரோசாக் என்றால் கெட்டுப்போச்சு. மீட்டர் நன்றாகத்தான் மினுக்கிக்கொண்டிருந்தது. என் கைபேசியில் உள்ளூர் சிம் இல்லை என்பது என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ. பேரம் பேசி 50-க்கு வந்தார். மறுநாள் சிம் போட்டு கிராப் செயலியில் அதே தூரத்துக்குப் பார்த்தேன், 18 என்று காட்டியது. விமான நிலையத்திலேயே சிம் வாங்கிவிடுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் செய்த முதல் காரியம் 32 ரிங்கிட்டை முழுங்கியது.

அறையில் பையைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கியபோது மணி ஒன்று பத்து. எல்லாம் மூடியிருக்கும், பிஸ்கட் பாக்கெட்டோடு படுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன். தெரு முனை திரும்பினால் கல்யாண வீடு! நடைபாதை முழுக்க பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு நூறு பேர் இருப்பார்கள், சுவரில் ஆள் உயரத் திரை. ஆகஸ்ட் கடைசி, மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்காகக் கட்டிய கொடிகளுக்குக் கீழே சனிக்கிழமை ராத்திரி இங்கிலாந்துக் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. சீனப் பையன்கள், மலாய்க் குடும்பங்கள், மடியில் தூங்கும் குழந்தையோடு ஒரு தமிழ் அம்மா, யாருக்கும் வீட்டுக்குப் போகும் எண்ணமே இல்லை. நம்மூரில் பதினொரு மணிக்கு மேல் பரோட்டாக் கடையில் உட்கார்ந்தால் ரோந்து வண்டி வருகிறதா என்று ஒரு கண் ரோட்டிலேயே இருக்கும்.

இதைத்தான் மாமாக் கடை என்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடை. நம் 'மாமா'தான் அங்கே 'மாமாக்' ஆகியிருக்கிறது. பாதிக் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கின்றன.

கல்லுக்குப் பக்கத்து மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன். மாவு உருண்டையை எண்ணெயில் தட்டி, தூக்கி, காற்றில் ஒரு வீசு வீசினார் மாஸ்டர். வேட்டி காயப்போடுகிற மாதிரி விரிந்து விழுந்தது. நாலு மடிப்பு மடித்துக் கல்லில் போட்டு, வெந்ததும் இரண்டு கையாலும் ஒரு அடி. அதுதான் ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் தம்பி என்று சொன்னால் சரியாக இருக்கும், அவ்வளவு அடுக்கு கிடையாது, ஆனால் ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். வெறும் ரொட்டி வேண்டுமானால் 'கோசோங்' என்று சொல்லவேண்டும். ஒன்று 1 ரிங்கிட் 80 காசு. கூடவே பருப்பு, கோழிக் குழம்பு, நெத்திலி போட்ட காரமான சம்பல் என்று மூன்று ஊற்றுகிறார்கள்.

"இந்தியாவாண்ணே?"

பரிமாறிய தம்பி கேட்டார். திருச்சி என்றேன். அவர் அறந்தாங்கிப் பக்கமாம். வந்து நான்கு வருஷம் ஆகிறது. இந்தக் கடைகளில் ராமநாதபுரம், புதுக்கோட்டை, சிவகங்கைப் பையன்கள் நிறையப் பேர். ஒரு விஷயம் கவனித்தேன். எழுபது வயது சீனத் தாத்தாகூட அவரை "அண்ணே!" என்றுதான் கூப்பிடுகிறார். அங்கே மாமாக் கடையில் வேலை செய்பவர் யாராக இருந்தாலும் எல்லாருக்கும் அண்ணன்.

"பஞ்சிர் சாப்ட்டுப் பாருங்கண்ணே" என்றார். பஞ்சிர் என்றால் வெள்ளம். ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, மேலே அரைவேக்காட்டு முட்டை இரண்டு உடைத்து ஊற்றி, பருப்பையும் குழம்பையும் கலந்து தட்டு தளும்பத் தளும்ப விட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஸ்பூனால் முட்டையின் மஞ்சளை உடைத்தேன். சால்னாவில் ஊறிய பிய்த்துப்போட்ட பரோட்டாவை இருபது வருஷமாகத் தின்கிறேன். அதில் மஞ்சள் கரு உருகிக் கலந்தால் இப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! தட்டைச் சாய்த்து வழித்துக் குடித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

தே தாரிக் பற்றி ஒரே எச்சரிக்கை. இழுத்து ஆற்றிய டீதான், நமக்குப் புதிதல்ல. ஆனால் கெட்டிப்பால் ஊற்றுகிறார்கள், பாயசம் மாதிரி இனிக்கும். "கூராங் மானிஸ்" என்று சொல்லுங்கள், இனிப்பைக் குறைப்பார்கள். இரண்டு ரொட்டி, ஒரு பஞ்சிர், ஒரு டீ, எல்லாம் சேர்த்து 10 ரிங்கிட் 60 காசு.

கிளம்பும்போது தம்பி ஒரு புத்திமதி சொன்னார். "வேற எங்கயாச்சும் நாசி கண்டார் சாப்ட்டீங்கன்னா, தட்டுல வைக்கிறதுக்கு முன்னாடியே 'பெராப்பா'ன்னு கேட்டுருங்கண்ணே. வச்சப்புறம் கேட்டு ஒண்ணும் ஆகாது." பெராப்பா என்றால் எவ்வளவு.

கேட்டேனா? கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு, இரண்டு தெரு தள்ளி வேறு ஒரு கடையில் மாட்டினேன். பெயர் வேண்டாம். நாசி கண்டார் பினாங்கில் பிறந்தது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடித் தண்டு மாதிரி ஒரு கம்பைத் தோளில் வைத்து, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகத் துறைமுகக் கூலிகளுக்குச் சுமந்து விற்றார்கள். நாசி என்றால் சோறு, அந்தச் சுமைத் தண்டுதான் கண்டார். ஏழைத் தொழிலாளியின் சாப்பாடு என்று படித்துவிட்டுப் போயிருந்தேன், அதுதான் வினை. கண்ணாடிப் பெட்டிக்குள் பதினைந்து தட்டுகள். எதற்கும் விலை எழுதவில்லை. சோறு, பொரித்த கோழி, வெண்டைக்காய், மேலே நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றச் சொன்னேன். முழங்கை நீளத்துக்கு ஓர் ஆற்று இறால் செக்கச்செவேலென்று கிடந்தது. விரலைக் காட்டினேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு.

ருசியில் குறை சொல்லமாட்டேன். குழம்புகள் ஒன்றோடொன்று கலந்து, எது மீன், எது கறி என்று பிரிக்கமுடியாமல் இறங்கியது. இறால் தலையை உறிஞ்சியபோது நன்றாகத்தான் இருந்தது. ஒருவர் வந்தார், தட்டை மேலிருந்து ஒரு பார்வை பார்த்தார், துண்டுச் சீட்டில் ஓர் எண் எழுதி வைத்துவிட்டுப் போனார். 46.

தட்டுக்கு 46 ரிங்கிட்! கல்லாவில் போய்க் கேட்டால், "இறால் மட்டும் 28, இன்னைக்கு ரேட்" என்று தங்க விலை சொல்வதுபோல் சொல்கிறார். விலையைப் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல வாய் வரை வந்தது. ராத்திரி, அயலூர், தனி ஆள். கொடுத்துவிட்டு வந்தேன். அறைக்கு நடக்கும்போது வழியெல்லாம் 46 இருபது 920, 46 இருபது 920 என்று மனசு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை எஸ்எஸ்2-இல் பசார் மாலாம், அதாவது ராத்திரிச் சந்தை. பெயர்தான் ராத்திரி, பத்து மணிக்கெல்லாம் கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள், நம் கணக்குக்கு அது சாயந்திரம். வேர்க்கடலையும் சர்க்கரையும் தூவி மடித்துத் தரும் அப்பம் பாலிக்கையும் கரும்புச் சாறையும் 6 ரிங்கிட்டுக்கு முடித்தேன். சீன நூடுல்ஸ் கடைகளில் கூட்டம் அள்ளியது. பன்றிக் கொழுப்பு சேர்க்கிற கடைகள் உண்டு, வேண்டாதவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடவும்.

அதற்கப்புறம் டுரியான். எஸ்எஸ்2 அதற்குப் பேர்போன இடம். பலாவுக்கு முள் கூடினால் எப்படியோ அப்படி ஒரு பழம், பருவத்தின் கடைசி. கடைக்காரர் கத்தியை எடுக்கும் முன்பே, தெருவுக்கே கேட்கிற மாதிரி "பெராப்பா?" என்றேன். முசாங் கிங் ரகத்தின் விலையைக் கேட்டு இரண்டு அடி பின்னால் போனேன். ஓட்டோடு சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். நாட்டு ரகம், சின்னதாக ஒன்று, 15 ரிங்கிட். வாடையைப் பற்றி ஆயிரம் கேட்டிருப்பீர்கள். அடுப்பு வாயு கசிகிற அறையில் உட்கார்ந்து வெண்ணெய்ப் பாயசம் சாப்பிடுவது போல இருக்கிறது. இரண்டாவது சுளையிலேயே நான் கட்சி மாறிவிட்டேன். கை நாற்றம் போக, காலி ஓட்டின் குழியில் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள். பெரும்பாலும் போய்விட்டது. அறைக்கு எடுத்துப்போக முடியாது, லிஃப்ட் கதவிலேயே முள்ளுப் பழத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு மணிக்குத் தெருமுனைத் தள்ளுவண்டியில் ரம்லி பர்கர். 'ஸ்பெஷல்' என்றால் கறி வில்லையைக் கல்லில் வாட்டி, மெல்லிய ஆம்லெட்டில் பொட்டலம் மாதிரி மடித்து, ரொட்டிக்குள் வைத்து, சாஸை அபிஷேகம் செய்து தருகிறார்கள். 7 ரிங்கிட். விலையைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதற்காகவே இன்னொன்று வாங்கலாம் போலிருந்தது.

மூன்று ராத்திரியும் சேர்த்துச் சாப்பாட்டுக்கு 88 ரிங்கிட் 90 காசு. அதில் பாதிக்கு மேல் அந்த ஒரே தட்டு. டாக்சியை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் எனக்குத் தூக்கம் வராது.

செவ்வாய் விடியற்காலை நாலு மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்பவேண்டும். பையோடு முதல் நாள் கடைக்கே போனேன். நாலில் ஒரு பங்கு மேசையில் இன்னும் ஆள் இருந்தது. வழிக்கு ஒரு ரொட்டியும் ஒரு தே தாரிக்கும் 'தாப்பாவ்' சொன்னேன், பார்சல். டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் சுருக்குப் போட்டு, உறிஞ்சுகுழல் செருகி, விரலில் மாட்டிக்கொள்கிற மாதிரி தந்தார் அறந்தாங்கித் தம்பி. கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

"பெராப்பா, தம்பி?"

"நாலு முப்பதுண்ணே" என்றவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். "எங்க மாட்டுனீங்க? இறாலா?"