சேன் லூவில் ஒரு பூட்டிய கேட்

பாரீஸில் எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட வந்தவர்கள் மோனாலிசாவைப் பார்க்க வரிசையில் நிற்கக் கிளம்பினார்கள். நான் மட்டும் கார் டு நோர் ஸ்டேஷனுக்குப் போய் எச் லைன் புறநகர் ரயிலில் ஏறினேன். இறங்க வேண்டிய ஊர் சேன்-லூ-லா-ஃபொரே. டிக்கெட்டை மெஷின் கொடுத்ததால் என் பிரெஞ்சு உச்சரிப்பு தப்பித்தது.

ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால், கோடைக்கால ஞாயிறுகளில் பாரீஸ் ரசிகர்கள் இதே ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள், வாண்டா லாண்டோவ்ஸ்கா ஹார்ப்சிகார்ட் வாசிப்பதைக் கேட்க.

ஹார்ப்சிகார்ட், பார்த்தால் பியானோவுக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருக்கும். உள்ளே சங்கதி வேறு. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியை அடிக்கும். இதில் ஒரு மெல்லிய மரத்துண்டு எழும்பும். அதில் செருகிய இறகுமுள் தந்தியைச் சுண்டிவிட்டு இறங்கும். வீணைக்காரரின் விரல் செய்கிற வேலைதான். ஆனால் வீணையில் விரலின் அழுத்தம் காதுக்குத் தெரியும். இதில் ஓங்கி அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். பியானோ வந்த பிறகு அந்தக் குறையே இதற்கு எமனாகி, 19ஆம் நூற்றாண்டில் பரணுக்கும் மியூசியத்துக்கும் போய்விட்டது.

அதை மேடைக்கு இறக்கிக் கொண்டுவந்தவர் லாண்டோவ்ஸ்கா. 1879ல் வார்சாவில் பிறந்தவர். பியானோ கற்று, 1900ல் பாரீஸ் வந்தார். 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதியதை பாக் காலத்து வாத்தியத்தில்தான் கேட்க வேண்டும் என்று பிடிவாதம். பியானோ செய்துவந்த பிளேயெல் கம்பெனி அவர் சொன்னபடி ஒன்று செய்துகொடுத்தது: இரண்டு வரிசைக் கட்டைகள், ஏழு பெடல்கள், கீழ் ஸ்தாயிக்கென்று தனியாக ஒரு வரிசைத் தந்திகள். 1912ல், அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரின் பாக் விழாவில் அதை அரங்கேற்றினார். பின்னால் வந்தவர்கள் பழைய வாத்தியங்களை அச்சு அசலாகப் பிரதி எடுக்கக் கற்றுக்கொண்டதும், "இது ஹார்ப்சிகார்டே இல்லை, பாதி பியானோ" என்று அதைத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனாலும் அந்த இரும்புக் கடை ஓசை எனக்குப் பிடிக்கும். அது இல்லாவிட்டால் அசலைத் தேடி யாரும் கிளம்பியிருக்கவும் மாட்டார்கள்.

சேன் லூ ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஒரு பேக்கரி, சாத்திய கடைகள், மேட்டில் மோன்மோரன்சி காடு. பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலான்க் எழுதிய 'கோன்சேர் ஷாம்பெத்ர்' இந்தச் சுற்றுப்புறத்தை மனதில் வைத்துப் பிறந்ததுதான். ஹார்ப்சிகார்டை நடுவில் வைத்து லாண்டோவ்ஸ்காவுக்காகவே எழுதியது. 1929ல் அவரே முதலில் வாசித்தார். நாட்டுப்புற கச்சேரி என்று பெயர் இருந்தாலும் அதில் உள்ளது நகரத்துக்காரனின் நாட்டுப்புறம். காட்டைப் பார்த்ததும் புரிந்தது. பத்து நிமிஷம் நடந்தால் பஸ் ஸ்டாப் வந்துவிடுகிற காடு.

லாண்டோவ்ஸ்காவின் வீடு பொந்துவாஸ் சாலையில் இருக்கிறது. 1925ல் வாங்கி, தோட்டத்தில் ஒரு சிறிய அரங்கம் கட்டி, 1927 ஜூலையில் திறந்தார். பல நாட்டு மாணவர்கள் இங்கே வந்து பாடம் கேட்டார்கள். 1933 மே மாதம் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் முழுவதையும் இங்கேதான் வாசித்தார். ஆரியா என்கிற ஒரு மெட்டு, அதன்மேல் 30 மாறுபாடுகள். இரண்டு வரிசைக் கட்டைகள் இருந்தால்தான் கைகள் மோதிக்கொள்ளாமல் வாசிக்க முடிகிற இடங்கள் அதில் உண்டு. அதே வருஷம் இசைத்தட்டாகவும் பதிவுசெய்தார். நான் கேட்டு மயங்கியது அந்தப் பதிவைத்தான்.

நான் போனபோது கேட் பூட்டியிருந்தது. கம்பி இடுக்கில் எட்டிப் பார்த்தேன், மரம்தான் தெரிந்தது. நாயோடு வந்த ஒரு பெரியவர் என்னைத் திருடன் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனார்.

திருடர்கள் ஏற்கெனவே வந்துபோன வீடு அது. 1940ல் ஜெர்மன் படை நெருங்கியதும், யூதக் குடும்பத்தில் பிறந்த லாண்டோவ்ஸ்கா, மாணவி டெனிஸ் ரெஸ்தூவோடு தெற்கே ஓடினார். செப்டம்பரில் நாஜிகள் வாத்தியங்களையும் நூலகத்தையும் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். மயோர்க்கா தீவில் இசையமைப்பாளர் ஷோபின் வாசித்த சின்ன பியானோவும் அதில் போயிற்று. 1941 டிசம்பர் 7 அன்று அவர் நியூயார்க்கில் இறங்கினார். பேர்ள் ஹார்பரில் குண்டு விழுந்த அதே நாள். வயது 62. இரண்டரை மாதம்கூட முழுதாக ஆகவில்லை, அங்கே டவுன் ஹால் என்கிற கச்சேரி அரங்கில் மறுபடியும் கோல்ட்பர்க்!

அவர் திரும்பி வந்தது சாம்பலாகத்தான். 1959ல் அமெரிக்காவில் இறந்தார். அஸ்தி பக்கத்து ஊரான தவெர்னியின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே நடந்தே போனேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது, குடை ஹோட்டலில்.

தவெர்னியிலேயே ரயில் ஏறி, ஈரச் சட்டையோடு ஹெட்போனை மாட்டினேன். 1940ல் பாரீஸில் லாண்டோவ்ஸ்கா பதிவுசெய்த, பாக் காலத்து இத்தாலிய இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டியின் சொனாட்டாக்கள். ஒரு சொனாட்டாவின் நடுவே தூரத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கி வெடிக்கிற சத்தம் கேட்கும். தாளம் ஓர் இழைகூட அசையாது. எண்ணிக்கொண்டே வந்தேன். மூன்றாவது வெடிக்குள் ஜன்னலுக்கு வெளியே மறுபடி சேன் லூ ஸ்டேஷன். யாரும் இறங்கவில்லை.